ஆசிரியைக்கு ஆசிரியை யார்?



ஆண்டுதோறும் நமது பள்ளிக்குச் சில புதிய முகங்கள் வருகின்றன. கையில் பாடக்குறிப்பேடு, தோளில் ஒரு பை, அக்குளில் சுருட்டி வைத்த வரைபட அட்டைகள் ஆகியவற்றோடு வரும் அவர்களை நாம் "பி.எட். மிஸ்" என்று அழைக்கிறோம். சில வாரங்கள் நமக்குப் பாடம் நடத்திவிட்டு, கடைசி நாளில் மிட்டாய் கொடுத்து, நம் கையேட்டில் வாழ்த்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் நமக்குக் கற்பிக்க வந்தவர்கள் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். உண்மையில் அவர்கள் கற்க வந்தவர்கள். யாரிடம் கற்க வந்தார்கள்? நம்மிடம்தான்! வியப்பாக இருக்கிறதா? ஆசிரியையை உருவாக்குவதில் மாணவிக்கும் ஒரு பங்கு உண்டு; அந்தப் பங்கை நாம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். இதுவே எங்கள் கருத்து. இதனைச் சற்று விளக்கிக் கூற விரும்புகிறோம்.

பயிற்சி ஆசிரியைகள் நேராக நம் வகுப்பறைக்கு வந்து நின்றுவிடுவதில்லை. அதற்கு முன் தங்கள் கல்லூரியில், தங்கள் வகுப்புத் தோழிகளையே மாணவிகளாக உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பழகுகிறார்கள். இதற்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். சென்ற ஆண்டு எங்களுக்கு அறிவியல் நடத்த வந்த ஓர் அக்கா, மதிய உணவு இடைவேளையில் புங்கமரத்தடியில் எங்களோடு அமர்ந்து இதைப் பற்றி நிறையச் சொன்னார். அவரும் எளாவூருக்குக் கிழக்கே ஏரிக்கரையை அடுத்த ஊரில் பிறந்தவரே. ஆகையால் வகுப்பறைக்கு வெளியே அவர் எங்களுக்கு மிஸ் அல்லர், அக்காதான்.

அவர் சொன்ன முறை இதுதான். ஒரு பாடம் முழுவதையும் நடத்த வேண்டியதில்லை. ஒரு சிறு கருத்தை எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்பது, எடுத்துக்காட்டு சொல்வது, கரும்பலகையில் எழுதுவது என்று ஏதேனும் ஒரு திறனை மட்டும் பழக வேண்டும். முன்னால் ஐந்து முதல் பத்துத் தோழிகள் மாணவிகளைப் போல அமர்ந்திருப்பார்கள். 6 நிமிடம் பாடம். 6 நிமிடம் குறைநிறைகளைக் கேட்டல். 12 நிமிடம் திருத்தி எழுதுதல். மீண்டும் 6 நிமிடம் பாடம். மீண்டும் 6 நிமிடம் குறைநிறை. ஆக 36 நிமிடங்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரிகளில் கடைப்பிடிக்கப்படும் கணக்கு இது.

இந்தப் பயிற்சியால் நன்மை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. முதல் நாள் அக்காவுக்குக் கை நடுங்கிச் சாக்பீஸ் இரண்டாக உடைந்ததாம். பேசும்போதெல்லாம் "சரியா, சரியா" என்று நொடிக்கொரு முறை சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்ததாம். அதை ஒரு தோழி கணக்கெடுத்துக் காட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதக்கூடாது, கேள்வியைக் கேட்ட பிறகே பெயரைச் சொல்ல வேண்டும், ஒரே மூலையைப் பார்த்துப் பேசக்கூடாது என்பனவெல்லாம் தோழிகள் சொல்லித் திருந்தியவையே. அறுபது பெண்கள் முன்னால் முதன்முறையாக நிற்பதைவிடப் பத்துத் தோழிகள் முன்னால் நிற்பது எளிது அன்றோ? நீச்சல் பழகுகிறவளை முதல் நாளே ஆழத்தில் இறக்கிவிடுவார் உண்டா?

ஆயினும் அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் எங்களைச் சிந்திக்க வைத்தது.

அவர் கல்லூரியில் தோழிகளுக்கு நடத்திய பாடம் "ஆவியாதல்". தோழிகள் அனைவரும் அறிவியல் பட்டதாரிகள். ஆவியாதல் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? "நீர் ஆவியாவதற்கு நம் வீட்டில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டவுடன், ஒரு தோழி எழுந்து "கொடியில் ஈரத்துணி காய்வது, மிஸ்" என்றாளாம். பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்த விடையும் அதுவேதான்! அடுத்த கேள்விக்கும் அப்படியே. "புரிந்ததா?" என்றால் "புரிந்தது" என்று ஒரே குரல். ஏனெனில் அடுத்து அந்தத் தோழி பாடம் நடத்தப் போகிறாள். அப்போது இவர் மாணவியாக அமர்ந்து அவளுக்குச் சரியான விடை சொல்ல வேண்டும். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. பகை எதற்கு?

கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதை ஒத்ததுதான் இது. ஒரு வேறுபாடு உண்டு. கொல்லன் ஊசியை வாங்கமாட்டான். தோழிகளோ வாங்கியதுபோல நடித்துவிடுகிறார்கள். விற்றவளும் தன் ஊசி நல்ல ஊசி என்று நம்பி வீடு திரும்பிவிடுகிறாள்.

பிறகு அதே பாடத்தை அக்கா எங்கள் ஒன்பதாம் வகுப்பில் நடத்தினார். அதே கேள்வியைக் கேட்டார். "கருவாடு, மிஸ்" என்றாள் ஏரிக்கரையிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி. நகரத்துப் பெண்கள் சிலர் சிரித்தனர். பாடக்குறிப்பில் கருவாடு இல்லை. ஆனால் விடை சரியானதே. மீனுக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கிறது. வெயிலும் காற்றும் அந்த நீரை ஆவியாக்கிக் கொண்டு போகின்றன. மீன் கெடாமல் இருக்கிறது. அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பிக் கரும்பலகையில் "கருவாடு" என்று பெரிதாக எழுதினார். சிரித்தவர்கள் அதைத் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அதோடு நிற்கவில்லை அவள். "கோடையிலே எங்க ஏரித்தண்ணி கடல்தண்ணியவிட ரொம்பக் கரிக்குதே, அது ஏன் மிஸ்? ஏரியிலே ஆத்துத்தண்ணியும் சேர்ந்துதானே இருக்கு?" என்று கேட்டாள். இது அருமையான கேள்வி. பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் நன்னீரைக் கொண்டுவருகின்றன. அப்படியானால் கடலைவிடக் கரிப்புக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? அக்கா, "எனக்கு இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாளை சொல்கிறேன்" என்றார். பின் வரிசையில் அமர்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் விடை வந்தது. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் வருவதால் ஏரி ஏறக்குறைய நன்னீராகிறது. கோடையில் ஆறு வற்றிவிடுகிறது. மணல் திட்டு வளர்ந்து முகத்துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. கடல்நீரும் தாராளமாக வந்து போக முடிவதில்லை. ஏரியோ ஆழமற்றது. வெயில் நீரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நாளாக நாளாகக் கரிப்பு ஏறி, சில இடங்களில் கடல்நீரையும் மிஞ்சிவிடுகிறது. "ஆமாம் மிஸ், முகத்துவாரம் அடைச்சுட்டா இறால் வரத்து நின்னுடும்னு அப்பா சொல்வாரு" என்று அந்தத் தோழி சேர்த்துச் சொன்னாள். ஆவியாதல் என்னும் பாடம் அன்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது; அக்காவுக்கும் இன்னும் நன்றாகப் புரிந்தது என்பதில் ஐயமில்லை.

"கல்லூரியிலே பத்துப் பேரும் புரிந்தது என்றார்கள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே ஒருத்தி ஏன் என்று கேட்டாள். அன்றுதான் நான் பாடம் நடத்தினேன்" என்று அக்கா புங்கமரத்தடியில் எங்களிடம் சொன்னார்.

தோழிகளுக்கு நடத்தும் இந்தக் குறும்பாட முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு சுவையான செய்தி கிடைக்கிறது. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவரும் அவர் குழுவினரும் இதைத் தொடங்கினார்கள். அங்கே மாணவர்களாக அமர்ந்தவர்கள் உடன் பயிலும் தோழர்கள் அல்லர். உண்மையான உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். நாலைந்து பேரை அழைத்து, அவர்களுக்குச் சிறு ஊதியமும் கொடுத்து உட்கார வைத்தார்கள். பாடம் முடிந்ததும், பயிற்சி ஆசிரியர் எப்படி நடத்தினார் என்று அந்த மாணவர்களிடமே கருத்தும் கேட்டார்கள். நம்மைப் போன்ற சிறுவர் சிறுமியரின் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு இருந்தது!

இந்தியாவில் 1967இல் அலகாபாத்தில் டி.டி. திவாரி என்பவர் இந்த முறையைப் பற்றி முதலில் பேசினார். பின்னர் 1970களில் பரோடா பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையும், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் இதை நம் நாட்டுக்கு ஏற்றவாறு அமைத்தன. படப்பிடிப்புக் கருவிகள் நம் கல்லூரிகளில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை நினைத்தபோது அழைத்துவரவும் இயலாது. ஆகவே தோழர்களே மாணவர்களாக அமர்ந்து, தோழர்களே குறைநிறை சொல்லும் முறை ஏற்பட்டது. செலவு குறைந்தது, எல்லாக் கல்லூரிகளிலும் நடத்த முடிந்தது. அதைக் குறை கூற முடியாது. ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. தெரியாதவரின் குரல்தான் அது.

உடன் பயில்வோருக்குப் பாடம் நடத்துவது நமக்குப் புதியதும் அன்று. நம் முன்னோர் படித்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியாரிடம் தான் கற்றதைச் சிறிய பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுப்பான். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுவார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். மணலில் எழுதும் நம் பிள்ளைகளைக் கண்ட அவர், தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கிவிட்டார்! அந்தச் சிறுவன் அதைச் சிறப்பாகவே நடத்தினான். பெல் இங்கிலாந்து திரும்பி 1797இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் "மதராஸ் கல்லூரி" என்ற பெயருடன் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. நம் திண்ணையில் முளைத்த விதை எங்கே போய் மரமாயிற்று, பாருங்கள்!

மதராஸ் முறையில் குறைகளும் இருந்தன. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதைத் தவிர்த்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, கிளிப்பிள்ளை போல ஒப்பிக்க வைக்கவும் அது பயன்பட்டது. ஆயினும் அந்த எட்டு வயதுச் சிறுவனின் வெற்றிக்கு ஒரு காரணம் உண்டு. அவன் முன்னால் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு எழுத்துகள் உண்மையிலேயே தெரியாது. அவர்களுக்குத் தெரியாதது எது என்பது, நேற்றுத்தான் கற்றுக்கொண்ட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூறலாம். ஆசிரியர் தினமாக நாம் கொண்டாடும் செப்டம்பர் 5 டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாள் என்பது நாம் அறிந்ததே. அவரும் ஒரு காலத்தில் பயிற்சி ஆசிரியரே! 1910இல் சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவர் பயின்றார். அப்போது தம்முடன் பயின்றவர்களுக்கே உளவியல் பற்றிச் சொற்பொழிவுகள் நடத்தினார். அவை 1912இல் "உளவியலின் அடிப்படைகள்" என்னும் பொருள்படும் பெயருடன் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. அவருடைய தோழர்கள் மாணவர்களைப் போல நடிக்க வேண்டிய தேவை இருந்திராது. அவர் அறிந்த அளவு அவர்கள் அந்தப் பாடத்தை அறிந்திருக்கவில்லை. ஆகவே அது உண்மையான வகுப்பாகவே நடந்திருக்கும்.

இவற்றிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? முன்னால் இருப்பவர் தோழியா, மாணவியா என்பது பெரிதன்று. அவருக்கு அந்தப் பொருள் உண்மையிலேயே தெரியாதா, தெரியவில்லை என்று வாய்திறந்து சொல்கிறாரா என்பதே பெரிது. அப்படி ஒருத்தி இருந்தால் கற்பித்தல் நடக்கிறது. இல்லாவிட்டால் நடிப்புத்தான் நடக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். கல்லூரியில் பத்துத் தோழிகள் செய்ததை நம் வகுப்பறையில் அறுபது பேர் செய்தால் என்ன ஆகும்? மேற்பார்வையாளர் வரும் நாளில் நன்றாகப் படிக்கும் பெண்களை முன் வரிசைக்கு மாற்றுவதும், கேட்கப்போகும் கேள்விகளை முதல் நாளே சொல்லிவைப்பதும் பல பள்ளிகளில் வழக்கமாக இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். "பாவம் மிஸ், மதிப்பெண் குறைந்துவிடும்" என்ற இரக்கத்தால் மாணவிகளும் தலையாட்டிவிடுகிறார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் இந்த இரக்கத்துக்கு விலை கொடுப்பவள் யார் என்று எண்ணிப் பார்த்தோமா?

விலை கொடுப்பவள் கடைசி வரிசையில் இருக்கிறாள். அவள் வீட்டில் பள்ளி இறுதிவரை வந்தவள் அவளாகவே இருக்கலாம். எளாவூர், ஆரம்பாக்கம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழில் படித்து, புத்தகத்தில் ஆங்கிலச் சொற்களோடு போராடும் பெண்கள் எத்தனையோ பேர். காற்றும் மழையும் அடிக்கும் நாட்களில் அப்பா ஏரிக்குப் போக முடியாது. வீட்டில் வருமானம் இராது. அப்போது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றுவிட்ட பெண் ஒரு வாரம் கழித்து வகுப்புக்கு வருகிறாள். எல்லோரும் "புரிந்தது மிஸ்" என்று கூவும்போது அவள் என்ன நினைப்பாள்? "எல்லாருக்கும் புரிகிறது. எனக்கு மட்டும் புரியவில்லை. எனக்குப் படிப்பு வராது போலிருக்கிறது" என்றே நினைப்பாள். இப்படி நினைத்து நினைத்துத்தான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்குப் போய்விட்ட அக்காமார் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். வேலைக்குப் போவது இழிவன்று. ஆனால் தனக்குப் படிப்பு வராது என்ற பொய்யை நம்பிப் போவது எவ்வளவு துயரமானது! அந்தப் பொய்யைச் சொன்னது யாருமில்லை. அறுபது பேர் சேர்ந்து சொன்ன "புரிந்தது" என்ற ஒரு சொல்தான்.

இதற்குச் சிலர் மறுப்புக் கூறலாம். "பயிற்சி ஆசிரியைகளுக்குச் சோதனை எலிகளாக நம் பிள்ளைகள் இருக்க வேண்டுமா? பாடம் பின்தங்கிவிடாதா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவ மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்காமல் மருத்துவராக முடியுமா? மூத்த மருத்துவர் அருகில் நிற்க, அவர்கள் பழகுகிறார்கள். அதைப் போல நம் வகுப்பாசிரியை அருகில் இருந்து, விடுபட்டதை மறுநாள் சேர்த்துச் சொன்னால் பாடம் எங்கும் போய்விடாது. மேலும், இன்று நம்மிடம் பழகாத ஆசிரியை நாளை நம் தங்கைகளிடம்தானே பழகுவார்?

இன்னொரு மறுப்பும் உண்டு. "புரியவில்லை என்று சொல்ல விட்டால், குறும்புக்காரப் பெண்கள் வேண்டுமென்றே ஆளுக்கொரு கேள்வி கேட்டுப் பயிற்சி ஆசிரியையை அழவைத்துவிடுவார்கள்" என்பது அது. உண்மைதான். விடை தெரிந்தும் கேட்பது குறும்பு. தெரியாமல் கேட்பது கல்வி. அறியாதவள் கேள்விக்கும் குறும்புக்காரி கேள்விக்கும் உள்ள வேறுபாடு கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தலையாட்டுவது ஒருவகைப் பொய் என்றால், வம்புக்குக் கேட்பது இன்னொரு வகைப் பொய். இரண்டுமே ஆசிரியைக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை.

நம் ஏரிக்கரையில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு மீன் கிடைக்காது. நல்ல இடத்தை வல்லவர்களே எப்போதும் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே பாடு உரிமை உடைய குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போட வேண்டும் என்று முறை வைத்துக்கொள்கின்றன. வகுப்பறையிலும் கேள்விகள் அப்படி முறை வைத்துச் சுற்றி வந்தால் என்ன? இப்போது முதல் இரண்டு வரிசைகளே எல்லாக் கேள்விகளையும் வாரிக்கொள்கின்றன. பாடு முறைப்படி ஜன்னலோரத்தில் இருப்பவளுக்கும், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவளுக்கும் ஒரு நாள் முறை வரும். தெரிந்தால் விடை சொல்லட்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லட்டும். முறை வரும் என்று தெரிந்தால் அவளும் பாடத்தைக் கவனிப்பாள். ஆசிரியைக்கும் வகுப்பின் உண்மை நிலை தெரியும்.

ஆகவே, சிறியவர்களாகிய நாங்கள் பெரியவர்களிடம் பணிவுடன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவதாக, பயிற்சிக் கல்லூரிகளுக்கு: 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாக மாற்றப்பட்டு, பள்ளிகளில் இருக்க வேண்டிய காலமும் இருபது வாரங்களாக உயர்த்தப்பட்டது. அது மகிழ்ச்சிக்குரியது. அதற்கு முந்திய குறும்பாடப் பயிற்சியிலும் அருகிலுள்ள பள்ளியிலிருந்து நாலைந்து மாணவிகளை ஒரு சனிக்கிழமையன்றாவது உட்கார வையுங்கள். ஊதியம் வேண்டாம், ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் போதும்! அது முடியாவிட்டால் வேறொரு வழி உண்டு. அறிவியல் படித்தவர் தமிழ் படித்த தோழிக்கு நடத்தட்டும். வரலாறு படித்தவர் கணிதத் தோழிக்கு நடத்தட்டும். அவர்களுக்கு உண்மையிலேயே ஐயம் எழும். நடிக்க வேண்டிய அவசியம் இராது.

இரண்டாவதாக, மேற்பார்வையாளர்களுக்கு: பயிற்சி ஆசிரியை "எனக்குத் தெரியவில்லை, நாளை சொல்கிறேன்" என்று சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மறுநாள் அவர் விடையோடு வந்தாரா என்று பாருங்கள். வந்திருந்தால் ஒன்றிரண்டு மதிப்பெண் கூடவே கொடுங்கள். பாடக்குறிப்பில் இல்லாத விடையை ஒரு மாணவி சொன்னபோது அவர் அதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதையும் கவனியுங்கள். பயிற்சிக்காலம் முடியும்போது எங்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் எழுதாத ஒரு துண்டுத்தாளில், எந்தப் பாடம் புரிந்தது, எது புரியவில்லை என்று உண்மையாக எழுதித் தருவோம்.

மூன்றாவதாக, தோழியரே, நமக்கு: இந்த ஆண்டு நாம் பொதுத்தேர்வு எழுதுகிறோம். மாலையில் இருவர் மூவராக அமர்ந்து ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். அப்போது நாம் ஒவ்வொருவரும் பயிற்சி ஆசிரியையே! தோழி கணக்கை விளக்கும்போது, நேரமாகிவிட்டதே, பேருந்து போய்விடுமே என்று "ம்... ம்..." என்று தலையாட்டினால் அவளுக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. "இந்த வரி எப்படி வந்தது? இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டால், சொல்லிக்கொடுப்பவள் அந்தக் கணக்கை இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்கிறாள். பல நேரங்களில் அந்த வரி எப்படி வந்தது என்று அவளுக்கும் அதுவரை தெரிந்திராது. கேட்டவள் வாங்கிக்கொண்டவள் மட்டும் அல்லள், கொடுத்தவளும் ஆகிறாள்.

இந்தப் பள்ளியிலிருந்து வெளியேறும் நம்மில் சிலர் நாளை ஆசிரியைகளாகக் கூடும். நம் ஏரிக்கரை ஊர்களுக்கே ஆசிரியையாகத் திரும்பி வரும் பேறும் சிலருக்குக் கிட்டலாம். அன்று நம் முன்னால் கருவாட்டைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் ஒரு சிறுமி அமர்ந்திருப்பாள். அவள் மனத்தில் உள்ள கேள்வியை வெளியே கொண்டுவரும் திறமை நமக்கு அன்று திடீரென்று வந்துவிடாது. கேட்பது எவ்வளவு கடினம் என்பதை மாணவியாக இருக்கும்போதே உணர்ந்தவளுக்கே அது வரும்.

எனவே தோழியரே, அடுத்த முறை ஓர் இளம் ஆசிரியை கரும்பலகை முன் நின்று "புரிந்ததா?" என்று கேட்கும்போது, புரிந்திருந்தால் மகிழ்ச்சியோடு "புரிந்தது" என்போம். புரியாவிட்டால் எழுந்து நின்று, பணிவாக, தெளிவான குரலில் "புரியவில்லை, மிஸ்" என்போம். நம் பின்னால் இருப்பவளுக்கு அந்தக் குரல் தைரியம் கொடுக்கும். முன்னால் நிற்பவரையோ அது ஆசிரியையாக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு